கார்-டி செல் சோதனைகளில் வரும் ‘90 சதவீதம்’: அதை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். உங்கள் சித்தப்பா மகனுக்கு வயது முப்பதுகளில். பி செல் வகை அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களை மரபணு மாற்றி ஏற்றும், கார்-டி எனப்படும் சிகிச்சையின் ஒரு சோதனையில் சேரலாம் என்று அவருடைய டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் தேடிப் படித்த இடத்தில் 90 சதவீதம் பேருக்கு நோய் மறைந்தது என்று இருந்திருக்கிறது. இவ்வளவு நன்றாக வேலை செய்வதை இன்னும் ஏன் ‘சோதனை’ என்கிறார்கள், அண்ணனுக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றிவிடுவார்களோ, எச்ஐவி வைரஸை உடம்புக்குள் விடுகிறார்கள் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த 90ஐ எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்தச் செல்களைத் தயாரிக்கும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நோயாளியிடமிருந்து எடுத்த செல்கள் பையில் எங்களிடம் வரும். அவற்றை மாற்றி, பெருக்கி, பரிசோதித்து, உறைய வைத்துத் திருப்பி அனுப்புவோம். நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் டாக்டர் நான் இல்லை. ஆகவே, உங்கள் அண்ணன் சேரலாமா கூடாதா என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவருடைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகள் எப்படி நடக்கின்றன, வெளியாகும் எண்களில் எது உள்ளே வருகிறது, எது வெளியே நிற்கிறது என்பதைச் சொல்வது என் வேலைக்கு உட்பட்டது.

உப்புத் தண்ணீர் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். லுகேமியா திரும்பி வந்தவர்களிடம் இதுவரை நடந்த முக்கியமான கார்-டி சோதனைகளில் போலி மருந்துப் பிரிவு கிடையாது. சேருகிற எல்லோருக்கும் மாற்றிய செல்கள்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே இல்லாமல் நடத்தியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் மற்ற வழிகளின் முடிவு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான். டவர் என்ற பெயரில் நடந்து 2017இல் முடிவு வெளியான ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நோய் திரும்பிய பெரியவர்களில் வழக்கமான கீமோ மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 4 மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். பிளினாட்டுமோமாப் என்ற மருந்து பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கு 7.7 மாதம். நிலைமை இப்படி இருக்கும்போது பாதிப் பேரை ஒன்றும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது.

ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாததால் ஒரு நஷ்டம் உண்டு. இப்படிப்பட்ட சோதனைக்குள் வருகிறவர்கள் யார்? இதயமும் சிறுநீரகமும் ஓரளவு தாங்கக்கூடியவர்கள், ரத்தத்தில் போதுமான டி செல் மிச்சம் இருப்பவர்கள், செல் தயாராகும்வரை காத்திருக்கும் நிலையில் இருப்பவர்கள். கிடைத்த பலனில் எவ்வளவு மருந்தால் வந்தது, எவ்வளவு இந்த வடிகட்டலால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. இது வெறும் தத்துவச் சந்தேகம் இல்லை. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் பின்னால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த மூன்று பெரிய ஒப்பீட்டுச் சோதனைகள் நடந்தன. மூன்றிலும் இதே சிடி19 குறி (பி செல் என்ற வெள்ளை அணுவின் மேல் இருக்கும் ஒரு புரதம்), கிட்டத்தட்ட இதே மாதிரிச் செல்கள். ஸூமா-7, டிரான்ஸ்ஃபார்ம் என்ற இரண்டில் கார்-டி தெளிவாக ஜெயித்தது. பெலிண்டா என்ற மூன்றாவதில் வழக்கமான சிகிச்சையைவிட எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. அந்த மூன்றாவதில் பயன்பட்டது குழந்தைகளின் லுகேமியாவுக்கு முதலில் அனுமதி வாங்கிய அதே தயாரிப்பு. தோற்றதற்குச் செல் போய்ச் சேர ஆன தாமதம், இடைக்காலக் கீமோ, நோயாளிகளின் நிலை என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எது எவ்வளவு பொறுப்பு என்பதில் இன்னும் ஒரே கருத்து இல்லை.

எச்ஐவி விஷயத்தில் நீங்கள் படித்தது பாதி உண்மை. டி செல்லுக்குள் புது மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏதாவது ஒரு வாகனம் வேண்டும். மனித டி செல்லுக்குள் நுழைந்து தன் மரபணுவை அதன் டிஎன்ஏவில் கோத்துவிடுவதில் எச்ஐவியைப் போன்ற கெட்டிக்காரன் கிடையாது. அதிலிருந்து, பெருகுவதற்கும் நோய் உண்டாக்குவதற்கும் தேவையான மரபணுக்களை எடுத்துவிட்டு, நுழைந்து கோக்கும் திறனை மட்டும் வைத்துக்கொண்டதுதான் லெண்டிவைரஸ் வெக்டர். அதனால் இன்னொரு வைரஸை உற்பத்தி செய்ய முடியாது. எச்ஐவி நோய் வராது. அதோடு வைரஸை நோயாளிக்கு ஏற்றுவதும் இல்லை. ஆய்வகத்தில் செல்லோடு சேர்த்து, வேலை முடிந்ததும் கழுவி எடுத்துவிட்டு, செல்லை மட்டும்தான் அனுப்புகிறோம். சில தயாரிப்புகளில் எலியைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸிலிருந்து செய்த வெக்டரைப் பயன்படுத்துகிறார்கள், அதில் எச்ஐவிக்கு வேலையே இல்லை. நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. லெண்டிவைரஸ் வழியாகச் செய்த செல்களைப் பெற்றவருக்குப் பின்னால் எச்ஐவி மரபணுப் பரிசோதனை செய்தால், சில வகைப் பரிசோதனைகளில் தவறாக பாசிட்டிவ் வரலாம். எங்கே போனாலும் இந்தச் சிகிச்சை பெற்றதை அவர் சொல்லிவிட வேண்டும்.

சரி, அந்த வாகனம் கொண்டுபோகும் மரபணு என்ன செய்கிறது? சாதாரண டி செல் எதிரியை அடையாளம் காண ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறது. அந்த வழியில் லுகேமியா செல் சுலபமாகத் தப்பிவிடும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஸெலிக் எஷாரும் சக ஆய்வாளர்களும் 1989இல், ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தின் பிடிக்கும் முனையை டி செல்லின் தூண்டும் பகுதியோடு ஒட்டி ஒரு கலப்பு ஏற்பியைச் செய்து காட்டினார்கள். கார் என்பது இந்த ஏற்பிதான். அதை டி செல் மேல் பொருத்தினால் ஆன்டிபாடி எதைப் பிடிக்குமோ அதை டி செல் நேரடியாகப் பிடித்துக் கொல்லும். எண்ணம் பிரமாதம். ஆனால் முதல் தலைமுறைச் செல்கள் உடம்பில் சீக்கிரமே களைத்து மறைந்தன. டி செல் நீடித்துப் பெருக இரண்டாவதாக ஒரு தூண்டல் வேண்டும் என்பது புரிந்து, நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங்கில் மிஷெல் ஸாட்லேன் குழு சிடி28 என்ற பகுதியையும், செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாரியோ கம்பானா குழு 4-1பிபி என்ற பகுதியையும் சேர்த்தார்கள். இன்றைக்கு லுகேமியாவுக்கு அனுமதி பெற்ற தயாரிப்புகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றை வைத்தே ஓடுகின்றன. குறியாக சிடி19ஐத் தேர்ந்ததற்குக் காரணம், அது பி செல்களின் மேல் மட்டும் இருக்கிறது. நல்ல பி செல்லும் சேர்ந்து அழியும், தெரிந்தேதான் செய்கிறோம். பி செல் இல்லாமல் வாழலாம், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றிச் சமாளிக்கலாம்.

இனி சோதனை என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாத்திரையைச் சோதிக்கும்போது ஒவ்வொரு மாத்திரையும் ஒரே மாதிரி என்ற நம்பிக்கையில்தான் எல்லாக் கணக்கும் நிற்கிறது. இங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி மருந்து. மூலப்பொருளே அவர்தான். நான்கு சுற்று கீமோ பார்த்த ஒருவரின் டி செல்லும் ஒரே சுற்று பார்த்தவரின் டி செல்லும் எங்கள் பாத்திரத்தில் ஒரே மாதிரி வளர்வதில்லை. சில பைகளைத் திறந்த இரண்டு மூன்று நாளிலேயே இது நன்றாக வரும் என்று தெரியும். சிலவற்றை எத்தனை தூண்டினாலும் சோம்பிக் கிடக்கும். அளவு என்பதற்கும் வழக்கமான அர்த்தம் இல்லை. கிம்ரியா என்ற பெயரில் விற்கப்படும் தயாரிப்புக்கு, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 1 கோடி செல்லிலிருந்து 25 கோடி செல் வரை. 25 மடங்கு வித்தியாசம்! வேறெந்த மருந்திலாவது இப்படிக் கேட்டிருக்கிறீர்களா? இதில் யாருடைய அலட்சியமும் இல்லை. ஏற்றிய பிறகு செல்கள் உள்ளே பெருகுகின்றன. எவ்வளவு விதைத்தோம் என்பதைவிட வயல் எப்படி இருந்தது என்பதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் செல்லை ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துகளைக் கொடுத்து, இருக்கிற நிணநீர்ச் செல்களைக் குறைத்து, புதியவை வளர இடமும் வளர்ச்சிப் புரதங்களும் கிடைக்கும்படி செய்கிறார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை முதலில் காட்டியது 2010இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழு நடத்திய சோதனை. 2011 ஆகஸ்டில் வெளியிட்டபோது அதில் இருந்தவர்கள் மூன்றே பேர், மூவருக்கும் நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா. ஒருவருக்குக் கிடைத்தது வெறும் 1.4 கோடி மாற்றிய செல்தான். அது உள்ளே ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகியது. இரண்டு பேருக்கு நோய் முழுவதும் மறைந்தது, மூன்றாமவருக்குப் பகுதியளவு. அந்த இரண்டு பேரின் உடம்பிலும் 10 வருடம் கழித்துக்கூட மாற்றிய செல்கள் உயிரோடு இருந்தன என்று 2022இல் வெளியிட்டார்கள். ஒரே தடவை ஏற்றிய மருந்து 10 வருடம் வேலையில் இருப்பது மருத்துவத்தில் அபூர்வம். ஆனால் மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதை அந்தக் குழுவே அறிந்திருந்தது. பின்னால் அதே வகை லுகேமியாவில் அதிகம் பேரிடம் செய்து பார்த்தபோது முழுமையாகக் குணமடைந்தவர்கள் சிறுபான்மைதான். அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில்தான் இது உண்மையில் பிரகாசித்தது.

அந்த வகையில் முதலில் சிகிச்சை பெற்ற குழந்தை எமிலி வைட்ஹெட். 2012 ஏப்ரலில், பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், ஸ்டீஃபன் குரூப் என்ற டாக்டரின் பொறுப்பில். செல்கள் பெருகத் தொடங்கியதும் கடுமையான காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுந்தது, வென்டிலேட்டரில் போட வேண்டி வந்தது. ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து மூட்டுவாதத்துக்கென ஏற்கெனவே கடையில் இருந்தது. கார்ல் ஜூனுடைய மகளுக்கும் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் இருந்ததால் அவருக்கு அந்த மருந்தைப் பற்றித் தெரியும். கொடுத்தார்கள், மணிக்கணக்கில் நிலைமை மாறியது. சைட்டோகைன் புயல் என்று இன்று எல்லோரும் சொல்லும் இந்தப் பக்கவிளைவைச் சமாளிக்க இப்போது வழக்கமாகக் கொடுப்பது அந்த மருந்தைத்தான். 2017 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ கிம்ரியாவை அனுமதித்தபோது, அதே நாளில் டோசிலிசுமாபையும் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. ஆரம்பக்கட்டச் சோதனை எதற்கு என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். திட்டத்தில் எழுதாத ஒன்றைச் சோதனை கற்றுக்கொடுத்தது. எமிலி இன்று வளர்ந்த பெண், நோய் திரும்பவில்லை.

நீங்கள் பார்த்த 90 சதவீதம் அநேகமாக இதே குழு 2014இல் வெளியிட்ட முடிவாக இருக்கும். 30 பேரில் 27 பேருக்கு நோய் முழுமையாக மறைந்தது. எண் உண்மைதான், பொய் கிடையாது. ஆனால் அந்த 30 பேரில் பெரியவர்கள் 5 பேர் மட்டும்தான். மற்றவர்கள் குழந்தைகளும் இளைஞர்களும். இன்னொன்று, 27 என்பது செல் ஏற்றிய பிறகு வந்த முதல் மதிப்பீடு. 6 மாதம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 67 சதவீதம்.

இதற்கு அடுத்துப் பல நாடுகளில் நடந்த எலியானா சோதனையை நான் புதிதாகச் சேருபவர்களுக்குப் பாடமாகவே எடுத்துச் சொல்வதுண்டு, ஏனென்றால் ஒரே சோதனையிலிருந்து எத்தனை விதமான சதவீதம் வரும் என்பதை அது நன்றாகக் காட்டுகிறது. அதில் சேர்ந்தவர்கள் 92 பேர். செல் ஏற்றப்பட்டவர்கள் 75 பேர். மீதி 17 பேரில் 7 பேருக்குத் தயாரிப்பில் பிரச்சினை, 7 பேர் காத்திருக்கும்போதே இறந்துவிட்டார்கள், 3 பேருக்கு வேறு உடல்நலக் கேடு. 3 மாதத்துக்குள் நோய் மறைந்தவர்களை 75 பேரை வைத்துக் கணக்கிட்டால் 81 சதவீதம், சேர்ந்த 92 பேரை வைத்துக் கணக்கிட்டால் 66 சதவீதம். செல் ஏற்றப்பட்டவர்களில் நோய் திரும்பாமலும் உயிரோடும் இருந்தவர்கள் 6 மாதத்தில் 73 சதவீதம், ஒரு வருடத்தில் 50 சதவீதம். ஒரு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 76 சதவீதம். எல்லாமே ஒரே சோதனை, எல்லாமே சரியான எண்கள். செய்தியில் 81 மட்டும் வரும். சேருவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு 66தான் பொருந்தும், ஏனென்றால் அவர் இன்னும் செல் ஏற்றப்பட்டவர் இல்லை, வாசலில் நிற்பவர். சேர்ந்ததிலிருந்து செல் ஏற்றும்வரை நடுமதிப்பாக (மீடியன்) 45 நாள் ஆகியிருக்கிறது. அந்த 45 நாளில் நோய் சும்மா இருக்காது. என் ஆய்வகத் தரப்பில் நான் ஓயாமல் நினைத்துக் கொண்டிருப்பதும் இந்த நாட்களைத்தான்.

உங்கள் அண்ணனுடைய வயதுக்கு வேறு சோதனைகளைப் பார்க்க வேண்டும். ஸ்லோன் கெட்டரிங் 2018இல் 53 பெரியவர்களின் முடிவை வெளியிட்டது. நோய் மறைந்தது 83 சதவீதம் பேருக்கு. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த 53 பேரில் பாதிப் பேர் 12.9 மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். செல் ஏற்றும்போது எலும்பு மஜ்ஜையில் லுகேமியா செல் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு 20.1 மாதம், பக்கவிளைவும் குறைவு. நோய்ச் சுமை குறைவாக இருக்கும்போது ஏற்றினால் பலன் அதிகம் என்பது அதற்குப் பிறகும் பல இடங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. இதை நான் உறுதியான பக்கத்தில் வைப்பேன். பெரியவர்களுக்கென 2024 நவம்பரில் அனுமதி பெற்ற ஓபெகாப்டாஜீன் என்ற தயாரிப்பின் சோதனையில் 153 பேர் சேர்ந்தார்கள், 127 பேருக்குச் செல் ஏற்றப்பட்டது. அதில் கடுமையான சைட்டோகைன் புயல் வந்தது 2.4 சதவீதம் பேருக்கு மட்டும்தான். மஜ்ஜையில் எவ்வளவு நோய் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 10 வருடத்தில் வந்த நிஜமான முன்னேற்றம் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது என்பேன், முதல் மாதச் சதவீதம் கொஞ்சம் ஏறியதில் இல்லை.

நோய் ஏன் திரும்புகிறது என்பதும் இப்போது ஓரளவு தெளிவு. ஒன்று, மாற்றிய செல்கள் காணாமல் போய்விடும். ரத்தத்தில் பி செல் மறுபடி தலைகாட்டுவது அதன் அடையாளம், டாக்டர்கள் அதைத்தான் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, செல்கள் இருந்தும் லுகேமியா தன் சிடி19ஐ உதிர்த்துவிட்டு வரும், பிடிக்க ஒன்றும் இருக்காது. இதற்காகவே சிடி22ஐக் குறிவைக்கும் செல்களையும், இரண்டையும் சேர்த்துக் குறிவைக்கும் செல்களையும் சோதிக்கிறார்கள். மூன்றாவது வழி மிக அபூர்வம், ஆனால் என் தொழில்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பென்சில்வேனியாவில் ஒரு நோயாளியின் செல்லைத் தயாரிக்கும்போது பையில் கலந்திருந்த ஒரே ஒரு லுகேமியா செல்லுக்குள்ளும் அந்த மரபணு போய்விட்டது. அந்த ஏற்பி அதன் மேலேயே இருந்த சிடி19ஐ மூடி மறைத்தது. மாற்றிய டி செல்களின் கண்ணுக்கு அது தெரியவில்லை. சுமார் 9 மாதம் கழித்து அந்த ஒன்றிலிருந்து நோய் முழுதாகத் திரும்பியது, அவர் பிழைக்கவில்லை. 2018இல் இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். தயாரிப்பின் தொடக்கத்தில் லுகேமியா செல்களைப் பிரித்தெடுப்பதில் நாங்கள் காட்டும் கெடுபிடிக்கு இது ஒரு காரணம்.

ஆபத்தைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. எலியானாவில் 77 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் சைட்டோகைன் புயல், கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஐசியூவுக்குப் போனார்கள், 40 சதவீதம் பேருக்குக் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம் போன்ற நரம்பு சார்ந்த தொந்தரவு. பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் எல்லாச் சோதனையும் அப்படி முடியவில்லை. ஜூனோ நிறுவனம் பெரியவர்களிடம் நடத்திய ராக்கெட் என்ற சோதனையில் மூளை வீங்கி நோயாளிகள் இறந்தார்கள். 2016 ஜூலையில் எஃப்டிஏ நிறுத்தியது. முன்கூட்டிக் கொடுக்கும் கீமோவில் ஃப்ளூடராபினைச் சேர்த்ததுதான் காரணம் என்று கருதி, அதை நீக்கிவிட்டு சில நாளில் மறுபடி தொடங்கினார்கள். நவம்பரில் மேலும் இரண்டு பேர் அதேபோல இறந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். 2017இல் அந்தத் தயாரிப்பையே கைவிட்டார்கள். முதலில் பழி போட்ட அதே ஃப்ளூடராபின் இன்று எல்லா இடத்திலும் வழக்கமாகக் கொடுக்கப்படுகிறது. செல்கள் அளவுக்கு மீறி வேகமாகப் பெருகியது ஒரு காரணம் என்பதில் பலருக்கு உடன்பாடு, முழு விளக்கம் அது மட்டுமா என்பதில் இல்லை. ஆகவே ‘கார்-டி பாதுகாப்பானதா’ என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தம் குறைவு. எந்தத் தயாரிப்பு, எந்த வயதினருக்கு, எவ்வளவு நோய் இருக்கும்போது என்று கேட்க வேண்டும்.

நீண்டகால விஷயத்தில் ஒன்று உண்டு, அதை டாக்டரும் உங்களிடம் சொல்வார். வெக்டர் மரபணுவை டிஎன்ஏவில் எந்த இடத்தில் கோக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒரு நோயாளியிடம் அது டெட்2 என்ற மரபணுவின் நடுவே போய் உட்கார்ந்தது. அந்த ஒரு செல்லின் வாரிசுகளே உச்சத்தில் மொத்த மாற்றிய செல்களில் 94 சதவீதமாக இருந்து நோயை அழித்தன. அவருக்கு அதிர்ஷ்டம். அதே மாதிரி எதேச்சையான கோப்பு கெட்டதாகவும் முடியலாம் என்பதால்தான் 15 வருடம் பின்தொடர வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2023 நவம்பரில் எஃப்டிஏ, கார்-டி பெற்றவர்களில் சிலருக்கு டி செல் புற்றுநோய் வந்ததை ஆராய்வதாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவுக்குள் அமெரிக்காவில் கொடுத்த 27,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் 22 பேருக்கு அப்படி வந்திருந்தது. 2024இல் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் இதைச் சேர்க்கச் சொன்னார்கள். இவற்றில் எத்தனைக்கு வெக்டர் காரணம், எத்தனைக்கு முன்பு வாங்கிய கீமோ காரணம் என்பது தீராத கேள்வி. இரண்டு முறை திரும்பிய லுகேமியாவின் ஆபத்துக்கு முன்னால் இது சிறியது என்பது என் கருத்து.

இன்னொரு தீராத கேள்வி உங்களுக்கு நேரடியாக வரப்போகிறது. செல் ஏற்றி நோய் மறைந்த பிறகு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் செய்ய வேண்டுமா? சில மையங்கள் இளைஞர்களுக்கு வேண்டும் என்கின்றன. ஸ்லோன் கெட்டரிங்கின் 53 பேரில் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை வைத்து யாரும் தீர்க்கவில்லை. எந்த டாக்டர் இதில் அடித்துச் சொன்னாலும், அது அவருடைய அனுபவத்திலிருந்து வரும் கணிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற வகை லுகேமியாக்கள் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. மைலாய்டு வகையில் குறிவைக்கக் கிடைப்பவை நல்ல ரத்த மூலச் செல்களிலும் இருப்பதால் வழி கடினம். டி செல் வகையில் குறி மாற்றிய செல்களின் மேலும் இருப்பதால் அவை ஒன்றையொன்று கொல்லும். 2022இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் கொடையாளியின் செல்லில் எழுத்து எழுத்தாக மரபணுவைத் திருத்தி அந்தத் தடையைத் தாண்டிக் காட்டினார்கள், அது இப்போதும் ஆரம்பக் கட்டம்தான்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நான் கேட்கச் சொல்வது இவை. இந்தத் தயாரிப்பில் இதுவரை எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குச் செல் ஏற்ற முடிந்தது, அவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர்? செல் எடுத்ததிலிருந்து ஏற்றும்வரை இங்கே எத்தனை நாள் ஆகிறது, அதுவரை நோயை எந்த மருந்தால் அடக்கி வைப்பார்கள்? தயாரிப்பு தோற்றால் மறுபடி செல் எடுப்பார்களா? அண்ணன் முன்பே பிளினாட்டுமோமாப் வாங்கியிருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், அதுவும் சிடி19ஐப் பிடிக்கும் மருந்து. இப்போதைய லுகேமியா செல்லில் சிடி19 மிச்சம் இருக்கிறதா என்று புதிதாகப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள், பழைய ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. அப்புறம் சம்மதப் படிவத்தில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எழுதியிருக்கும். பின்தொடர்தலிலிருந்து விலகலாம், அது அவருடைய உரிமை. ஆனால் மாத்திரையை நிறுத்துவது போல ஏற்றிய செல்லை நிறுத்த முடியாது. சில சோதனைகளில் தேவைப்பட்டால் செல்களை அழிக்கும் ஒரு ஏற்பாட்டை உள்ளேயே வைத்திருப்பார்கள், பலவற்றில் இருக்காது. இதில் இருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.